இருபத்தெட்டுத் தண்டால் சீர்வரிசை

பெண் வீட்டுக்காரனாகப் பிறந்த தமிழனின் முதுகு எவ்வளவு வளையும் என்று கண்டுபிடிக்க உடற்பயிற்சிச் சோதனை எதுவும் தேவையில்லை. மாப்பிள்ளை வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், அது தானாக வளைந்துவிடும். என் முதுகு வளைந்ததற்கு மட்டும் எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறது. அது ஒரு மதிப்பீட்டுப் பாரம். என் அக்காள் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு இன்றும் தொங்குகிறது.

நான் இப்போது இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு உடற்கல்விப் பாடத்தை எப்படி நடத்துவது, மாணவர்களை எப்படி மதிப்பிடுவது என்று பயிற்சி கொடுக்கிறவன். முதல் நாளே மேசையைத் தட்டி, "கண்ணால் பார்த்ததை மட்டும் எண்ணுங்கள்" என்று சொல்வேன். (கூட்டத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த இடத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நியாலாஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் உடற்கல்விக்கு ஆள் போதாமல் தலைமையாசிரியர் ஆசிரியர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மாடிப்படி ஏறி வந்தும் மூச்சு வாங்காமல் நின்றவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் உடற்கல்வி ஆசிரியரானேன். பந்தைக் கொடுத்து, "போய் விளையாடுங்கள்" என்று சொல்லிவிட்டு மரநிழலில் உட்கார்ந்து வினாத்தாள் திருத்துவதுதான் உடற்கல்வி என்று நினைத்திருந்தேன். என்னைப் போன்றவர்கள் நாடு முழுவதும் இருந்திருப்பார்கள் போல. அதனால் எங்களைப் பிடித்து மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

இங்கே கொஞ்சம் வீட்டுக் கதை சொல்ல வேண்டும். என் அக்காள் மாலதிக்கு முப்பத்தொரு வயது. மருந்துக்கடையில் வேலை. நான்கு சம்பந்தம் வந்து நான்கும் கூடவில்லை. அதில் நான்காவதைக் கெடுத்த புண்ணியவான் நான். பெண் பார்க்க வந்த அந்த மாப்பிள்ளை, தான் மாநில அணிக்குப் பூப்பந்து ஆடியதாகச் சொன்னார். அவர் சொன்ன அதே வருடம் நானும் அந்தத் தேர்வுக்குப் போய்த் தோற்றவன். சும்மா இருந்திருக்கலாம். "அப்படியா? நான் உங்கள அங்க பாக்கவே இல்லியே" என்று கேட்டு வைத்தேன். கையில் இருந்த வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அங்கிருந்து போன் வரவே இல்லை.

அம்மா அந்தப் பாதி வடையை எனக்குக் காட்டிக் காட்டி ஒரு வருடம் திட்டினார். (வடையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், ஆனால் கை காட்டிய இடம் மாறவில்லை.)

ஐந்தாவதாக வந்தவர் தியாகு. பாச்சாங்கில் குடும்பம், பட்டணத்துப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர், அதிகம் பேசாத மனிதர். எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு வந்தபின் நாங்கள் குடியிருந்தது ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. மாப்பிள்ளை வழியில் இரண்டு முறை நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். அக்காளிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசினார். அவர்கள் போனதும், யாரும் கேட்காமலேயே அக்காள், "எனக்குச் சரிம்மா" என்றாள். நான்கு சம்பந்தத்துக்கும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் முதன்முறையாக வாய் திறந்து சொன்னது அது. அம்மா சாமி அறைக்குள் போய் அழுதார். மூன்று வாரத்தில் பரிசம் என்று முடிவானது.

பயிற்சிக்கு வரவிருந்த ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தபோது அதை இரண்டு முறை படித்தேன். அதில் தியாகுவின் பெயரும் இருந்தது. (அவர் உடற்கல்வி ஆசிரியரான கதை என்னுடையதைவிடச் சுருக்கம். கால அட்டவணை போட்ட அன்று அவர் விடுப்பில் இருந்தார்.) போதாக்குறைக்கு, இரண்டு தமிழர்கள் பேசிக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஒரே அறையை ஒதுக்கியிருந்தார்கள்.

அம்மா என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"இங்க பாரு. நீ வாயத் தொறந்தா சம்பந்தம் முறியும். அவரு என்னா சொன்னாலும் 'ஆமா மச்சான்', அவ்ளோதான். வேற பேச்சு வேணாம்."

"அவரு தப்பா ஏதாச்சும் சொன்னா?"

"மாப்பிள்ள எப்பிடிடா தப்பா சொல்லுவாரு?"

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தஞ்சோங் கிளிங்கில் கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் பயிற்சி. கடல் தெரிகிற கட்டிலை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். ஏர்கானை அவருக்குப் பிடித்த அளவில் வைத்துவிட்டு நான் போர்வைக்குள் நடுங்கினேன். அவருடைய டிராக் சூட்டை எடுத்து இஸ்திரி போட்டுவைத்தேன். மறுநாள் காலை, கால்சட்டையில் கத்தி போன்ற மடிப்போடு ஓட்டப் பயிற்சிக்கு வந்து நின்ற ஒரே ஆசிரியர் அவர்தான்.

"மச்சான், நீங்க இதெல்லாம் செய்யணும்னு இல்ல லா," என்றார் கூச்சத்தோடு.

"ஆமா மச்சான்," என்று சொல்லிவிட்டு அவர் கழற்றிப் போட்ட சப்பாத்தையும் துடைத்தேன்.

உடல் தகுதியைப் பற்றிய பயிற்சிக்கு இவ்வளவு சாப்பாடு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காலையில் நாசி லெமாக், பத்து மணிக்குக் கரிபாப், மதியம் பிரியாணி, நாலு மணிக்கு வாழைப்பழப் பொரியல், இரவில் மறுபடியும் கோழி. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளைக்கு நானே தட்டு நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் மறுக்காமல் சாப்பிட்டார். பின்னால் நடந்ததில் அந்தக் கோழிக்கும் பங்கு உண்டு.

பயிற்சியை நடத்தியவர் புவான் ரோஸ்னா என்ற மலாய்ப் பெண்மணி. ஒல்லியான உடம்பு, கழுத்தில் விசில், விசிலைவிடக் கூர்மையான கண். முதல் நாளே மலாயில் தெளிவாகச் சொன்னார்: "ஒரு மாணவனை நீங்கள் அளந்தாலும் நான் அளந்தாலும் ஒரே எண் வர வேண்டும். பாவம் என்று இரண்டு கூட்டிப் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு இருந்தால், நீங்கள் இரக்கப்பட்டுப் போட்ட எண்தான் அதை மறைக்கும்." நான் இதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். அழகான கையெழுத்து.

இரண்டாம் நாள் செய்முறை. ஓர் அறையில் தங்கியிருப்பவர்களே ஜோடி. ஒருவர் தண்டால் எடுக்க வேண்டும், மற்றவர் எண்ணிப் பாரத்தில் எழுத வேண்டும். ஒலிபெருக்கியில் 'டிக், டிக்' என்று தாளம் போகும். தாளத்துக்கு இறங்கி, தாளத்துக்கு ஏற வேண்டும். முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், வயிறு தரையில் படக் கூடாது. ஒரு நிமிடம்.

முதலில் நான். பள்ளிக்காலத்தில் பூப்பந்து ஆடியவன் என்ற நினைப்பில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசி 'டிக்' முடிந்து எழுந்தபோது இருபதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏழு," என்றார் மாப்பிள்ளை.

"ஏழா?"

"மத்ததுல முதுகு வளைஞ்சிருச்சு மச்சான். அத எண்ண முடியாதே." மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு ஏழு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். அவர்களுக்கு அந்த வசதி உண்டு.

அடுத்து அவர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் குறை சொல்ல முடியாதவை. ஐந்தாவதில் வயிறு பாயைத் தொட்டது. அப்படியே படுத்துவிட்டார். ஒலிபெருக்கி 'டிக்' என்றது. எனக்கு அந்தப் பாதி வடை ஞாபகம் வந்தது. சாமி அறையில் அழுத அம்மா ஞாபகம் வந்தார். "எனக்குச் சரிம்மா" என்று சொன்ன அக்காள் முகம் வந்தது.

"அஞ்சு!" என்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தலை தூக்கியதை, "ஆறு!" என்று எண்ணினேன். மூச்சு வாங்கியதில் தோள் ஏறி இறங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது. மூக்கைச் சொறிந்துகொள்ளக் கையை எடுத்தார், பதினாறு. அந்த ஒரு நிமிடம் முடியும்போது, பெரும்பாலும் படுத்தபடியே மாப்பிள்ளை முப்பத்திரண்டு தண்டால் எடுத்து முடித்திருந்தார். பாரத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடிக்கப் போனார்.

அன்று மாலை நாற்பது ஆசிரியர்களின் முடிவையும் சுவரில் ஒட்டினார்கள். முதலிடம், தியாகு. அவருக்கு அடுத்து இருந்தவர் ரக்பி ஆட்டக்காரர், இருபத்தொன்பது. அவர் வந்து மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். புவான் ரோஸ்னா கைதட்டி அறிவித்தார்: "நாளை பக்கத்துப் பள்ளித் திடலில் மாணவர்களை வைத்து உண்மையான வகுப்பு. மாநிலத்திலிருந்து அதிகாரி வருகிறார். தண்டாலைச் சிக்கு தியாகு செய்துகாட்டுவார்." (ஆசிரியரை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள்.)

இரவுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை கோழியைத் தொடவில்லை. நான் வெளியே போய் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் அம்மாவுக்குப் போன் போடுகிற ஜாதி நான். அவரோ பயத்தை விட்டுவிட்டு முதலிடத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'எங்கள் மாப்பிள்ளை முதல் இடம்' என்று செய்தி, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் போன் போய்விட்டது. அக்காள் மட்டும் எனக்குத் தனியாக எழுதினாள்.

"எத்தனை எடுத்தாரு?"

"32."

"தம்பி, நம்ம வீட்டுப் படியையே ரெண்டு தடவ நின்னு ஏறுன மனுசன்."

போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலை திடலில் படிவம் இரண்டில் படிக்கும் பதினான்கு வயது மாணவர்கள் முப்பது பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஆசிரியர்கள், குடைக்குக் கீழே அதிகாரி. புவான் ரோஸ்னா பிள்ளைகளுக்கு விதிகளைக் கால் மணி நேரம் விளக்கினார். எது எண்ணிக்கையில் சேரும், எது சேராது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிள்ளைகள் உன்னிப்பாகக் கேட்டார்கள். (எங்கள் நாற்பது பேரில் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை.) பிறகு, "நேற்று எண்ணிய ஆசிரியரே இன்றும் எண்ணட்டும். நீங்களும் கூடவே எண்ணுங்கள்" என்றார்.

மாப்பிள்ளை பாயில் இறங்கினார். டிக். சாத்து, டுவா, தீகா, அம்பாட். நானும் முப்பது பிள்ளைகளும் மலாயில் ஒரே குரலில் எண்ணி நான்கு வரை வந்தோம். ஐந்தாவதில் வயிறு பாயில் அமர்ந்தது.

"லீமா!" என்றேன் நான்.

"தக் கிரா, சிக்கு!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அது கணக்கில்லை என்று அர்த்தம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், கையை உயர்த்திக்கொண்டே சொன்னாள்.

"ஆனாம்!" என்றேன் நான், இன்னும் சத்தமாக.

"அம்பாட்!" என்றார்கள் முப்பது பேரும்.

"தூஜோ!"

"அம்பாட்!"

நான் எட்டு, ஒன்பது, பத்து என்று தனியாக ஏறிக்கொண்டே போனேன். அவர்கள் நான்கிலேயே நின்று, மேசை தட்டுவது போல் புல்லைத் தட்டிக்கொண்டு, "அம்பாட், அம்பாட்" என்றார்கள். ரக்பி ஆசிரியர் எழுந்து நின்று பார்த்தார். அதிகாரி குடையை மடித்தார். எனக்குக் காதில் ரத்தம் ஏறியது. நிறுத்தத் தெரியவில்லை. பதினொன்றில் இருந்தேன்.

அப்போது மாப்பிள்ளை எழுந்தார். முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, எல்லோரையும் பார்த்து மலாயில் நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளைகள் சொல்வது சரி. என்னுடையது நான்கு. நேற்றும் நான்குதான்."

"அப்படியானால் மீதி இருபத்தெட்டு?" என்றார் புவான் ரோஸ்னா.

மாப்பிள்ளை என்னைக் காட்டினார். "இவர் அக்காளை நான் கட்டப் போகிறேன். அந்த இருபத்தெட்டும் பெண் வீட்டு ஹந்தாரான்."

மலாய்க்காரர் கல்யாணத்தில் தட்டுத் தட்டாகக் கொண்டுபோகிற சீர்தான் ஹந்தாரான். திடலே சிரித்தது. அதிகாரி சிரித்தார், தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நானும், கண்ணாடி போட்ட அந்தப் பெண்ணும். அவள் இன்னும் என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புவான் ரோஸ்னா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். என்னைப் பாயில் இறக்கிப் பிள்ளைகளை எண்ணச் சொன்னார். ஏழு என்றார்கள். மாப்பிள்ளை நேற்று எழுதியதும் ஏழு. "தண்டாலில் கடைசி, மதிப்பீட்டில் முதல்" என்று மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். நான் எழுதிய பாரத்தில் முப்பத்திரண்டை அடித்து நான்கு என்று எழுதி, ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே கொடுத்தார். எனக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், முப்பது பிள்ளைகளையும் நானே எண்ண வேண்டும், கண்ணாடிப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து என்னைச் சரிபார்க்க வேண்டும் என்றார். வெயிலில் உட்கார்ந்து எண்ணினேன். பத்தாவது பிள்ளைக்குப் பிறகு நானும் அவளும் ஒரே எண்ணைச் சொல்ல ஆரம்பித்தோம். இருபதாவது வந்தபோது ஒரு பையன் சுவாசிக்கத் திணறுவதை முதலில் கவனித்தவன் நான். நிறுத்தி, உட்காரவைத்து, அவன் இன்ஹேலரை எடுத்துவரச் சொன்னேன். மரநிழலில் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். இந்த வேலையில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

திரும்பும்போது மாப்பிள்ளை காரில்தான் வந்தேன். பாதி வழியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூப்பந்து மாப்பிள்ளை, பாதி வடை, அம்மாவின் கட்டளை, எல்லாம்.

"மச்சான், எங்கக்கா ஒரு தப்பும் செய்யல. கோவம்னா என்மேல வச்சுக்குங்க. இத வச்சுச் சம்பந்தத்த மட்டும் வேணாம்னு சொல்லிறாதீங்க," என்றேன்.

அவர் காரை ஓரம் கட்டினார். "நேத்து நீங்க பதினொன்னு எண்ணும்போதே சொல்லலாம்னு நெனச்சேன். ஆனா பொண்ணு வீட்டுல இன்னொரு கரண்டி வச்சா, வேணாம்னு எலய மூடுனா மரியாத இல்லன்னு எங்கம்மா சொல்லி அனுப்புனாங்க. 'அங்க வாயத் தொறக்காத, எத வச்சாலும் சாப்புடு'ன்னு." வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார். "அதான் அந்தக் கோழி எல்லாத்தயும் சாப்பிட்டேன். எனக்குக் கோழியே பிடிக்காது மச்சான்."

இரண்டு பேரும் சாலையோரத்தில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் மாப்பிள்ளை இரண்டு முறை நின்றார். நானும் கூட நின்றேன். கதவைத் திறந்தது அக்காள்தான். பின்னால் அம்மா ஆரத்தித் தட்டோடு தயாராக இருந்தார், முதலிடம் வந்த மாப்பிள்ளைக்கு.

"எத்தன?" என்று அக்காள் நேராக அவரைக் கேட்டாள்.

"நாலு," என்றார் மாப்பிள்ளை.

அம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அக்காள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "உள்ள வாங்க, டீ போடுறேன்," என்றாள். பிறகு சமையலறையில் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்தப் பூப்பந்துக்காரன் ஓடுனதுக்கு நான் ஒனக்காகச் சூடம் கொளுத்துனேன்டா. பொய் சொல்றவன்கூட எப்பிடி இருக்கிறது? இத ஒரு வருசமா அம்மாகிட்ட யாரு சொல்றது?"

பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு மூன்று மாடி ஏறி வந்தார்கள். பட்டு, பூ, பழம், வெற்றிலை. கடைசித் தட்டில் ரோஜாப் பூவுக்கு நடுவில் அந்தப் பாரம். அதன் மேல் மாப்பிள்ளையின் கையெழுத்தில், 'இருபத்தெட்டு, நன்றியுடன் திருப்பித் தரப்படுகிறது' என்று இருந்தது. சபையில் படிக்கச் சொல்லி என்னையே படிக்கவைத்தார்கள். அம்மா அன்றைக்குத்தான் பாதி வடையை மறந்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என்னை எதையும் எண்ண விடுவதில்லை. விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் சொன்னால், "நெஜ எண்ணிக்கையா, மச்சான் எண்ணிக்கையா?" என்று கேட்பார்கள். தோசை எத்தனை சாப்பிட்டேன் என்பதற்குக்கூடச் சாட்சி வேண்டும்.

மச்சான் கோழியை விட்டுவிட்டார். தண்டாலை விடவில்லை. தினமும் மாலையில் பாச்சாங் வீட்டு முன்னறையில், சட்டம் போட்ட அந்தப் பாரத்துக்குக் கீழே பாயை விரிப்பார். எண்ணுவது அவர் மகள், ஆறு வயது. போன வாரம் நான் போயிருந்தபோது, பத்தொன்பது வரை சுத்தமாக எடுத்துவிட்டார். அவர் இதுவரை இருபதைத் தொட்டதில்லை. அக்காள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபதாவதுக்கு அரைகுறையாக இறங்கினார், எப்படியோ ஏறிவிட்டார். குழந்தைக்குச் சந்தேகம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க சொல்லுங்க. இது கணக்கா?"

வீடே என்னைப் பார்த்தது. மச்சானும் பாயில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார்.

"இல்ல மச்சான்," என்றேன். "முழங்கை மடங்கல."

"அப்பிடிச் சொல்லு!" என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் கையை ஊன்றி இறங்கினார். இந்தத் தடவை நன்றாக மடங்கியது.